புளியறையில் பிரியும் சொல்: ஏலமும் லேலமும்

செங்கோட்டையிலிருந்து கொல்லம் சாலையில் மேற்கே போனால் தமிழ்நாட்டின் கடைசி ஊர் புளியறை. வயல்கள் மலையடிவாரம் வரை சென்று நிற்கின்றன. சோதனைச் சாவடியைத் தாண்டியதும் சாலை வளைந்து வளைந்து மேலேறி, கோட்டைவாசல் வழியாக ஆரியங்காவுக்குள் இறங்குகிறது. காய்கறி, வைக்கோல், சிமெண்டு என்று கிழக்கிலிருந்து போகும் லாரிகளின் ஓட்டுநர்கள் இந்தப் பக்கம் தமிழும் அந்தப் பக்கம் மலையாளமும் பேசுவார்கள். எந்த இடத்தில் மொழியை மாற்றினோம் என்று அவர்களுக்கே தெரியாது.

எல்லை எப்போதும் இங்கே இருந்ததில்லை. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டைத் தாலுகா திருவிதாங்கூர் பக்கம் இருந்தது. அன்றைய எல்லை கிழக்கே, தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவில் ஓடியது. மாநிலச் சீரமைப்புக்குப் பிறகு எல்லைக்கோடு மலைமேல் ஏறியது. 2019-இல் தென்காசி தனி மாவட்டமானபோது புளியறை அதன் மேற்கு ஓரமாயிற்று. எல்லைக்கல்லைப் பிடுங்கி நடலாம், சொற்களை அப்படி நட முடியாது. அதனால்தான் ஒரு சொல் இரண்டு மொழிகளில் எப்படிப் பிரிகிறது, எங்கிருந்து வந்து சேர்கிறது என்று பார்க்க இந்த ஊர் நல்ல இடம். நான் எடுத்துக்கொள்ளும் சொல் ‘ஏலம்’.

தென்மாவட்டங்களில் சாலையோரப் புளியமரங்களின் மகசூலை ஆண்டுதோறும் ஏலம் விடுவார்கள். முன்பணம் கட்டிய வியாபாரிகள் முதலிலேயே மரங்களைச் சுற்றி வந்து காய்ப்பைக் கண்ணால் எடைபோட்டிருப்பார்கள். எந்த மரம் ஊளைக்காய், எதில் சதைப்பற்று அதிகம், உலுப்பக் கூலி எவ்வளவு ஆகும் என்பதெல்லாம் மனக்கணக்கில் இருக்கும். அலுவலர் ஏலத்தைக் ‘கூறுவார்’, வியாபாரிகள் ‘கேட்பார்கள்’. விலை சொல்வதற்குப் பெயரே ‘கேள்வி’தான். உயர்ந்த கேள்வி வந்ததும் ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று முடியும். ஜெயித்தவர் ஏலத்தை ‘எடுத்தார்’. மலைக்கு அந்தப் பக்கமும் இதே முறைதான். ஒரு தரம், ரண்டு தரம், மூந்நு தரம் என்றே அங்கும் முடிப்பார்கள். ஆனால் அங்கே அதன் பெயர் ‘லேலம்’. விலை சொல்வது ‘விளி’, ஜெயிப்பது ‘பிடி’. கிழக்கே கேட்டு எடுக்கிறோம், மேற்கே விளித்துப் பிடிக்கிறார்கள்.

ஆக, மலையாளத்தில் ‘ஏலம்’ என்று சொன்னால் ஏலக்காய் மட்டும்தான். பொது விற்பனைக்கு லேலம். தமிழில் இரண்டுமே ஏலம். போடிநாயக்கனூரில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையத்தில் நடப்பது ‘ஏலக்காய் ஏலம்’. இடுக்கியில் புற்றடி மையத்தில் அதே காய்க்கு நடப்பது ‘ஏலய்க்கா லேலம்’. ஒரே மலையின் ஒரே விளைச்சல். தமிழன் காதுக்கு ஒரு சொல் இரண்டு முறை ஒலிக்கிறது, மலையாளி காதுக்கு இரண்டு சொற்கள் கேட்கின்றன. இங்கே மலையாளிக் காதுதான் வரலாற்றைச் சரியாகக் கேட்கிறது. இவை பிறப்பால் தொடர்பற்ற இரண்டு சொற்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும் இவற்றைத் தனித்தனிப் பதிவாகவே தருகிறது.

விற்பனை ஏலத்தின் மூலம் போர்த்துக்கீசியச் சொல் ‘லெய்லாவ்ங்’. முன்பு இதை ‘லெய்லாம்’ என்றும் எழுதினார்கள். சாவி, ஜன்னல், அலமாரி, மேசை, பீப்பாய் ஆகியவை கடலோரத்தில் இறங்கிய அதே காலத்துச் சரக்கு இது. கோவாவில் 1583 முதல் 1588 வரை இருந்த டச்சுக்காரர் லின்ஸ்ஹோட்டன், 1596-இல் வெளியான தம் பயண நூலில் இந்த ஏலத்தை விரிவாகச் சொல்லியிருக்கிறார். நகரின் நேர்த்தெருவில் காலைதோறும் கூடும் சந்தை. ஞாயிறும் திருநாள்களும் மட்டும் விடுமுறை. விலை கூறுகிறவர்கள் சரக்கை உடம்பெல்லாம் மாட்டிக்கொண்டு சுற்றுவார்கள், அடிமைகளும் அங்கேதான் விற்கப்பட்டார்கள். தமிழில் இன்று கோயில் மாலையையும் குற்றாலத்துச் சீசன் கடையையும் ஏலம் எடுக்கிறோம். அந்தச் சொல் முதலில் நடந்த தெருவில் மனிதர்களும் ஏலம் போனார்கள் என்பதை மறந்துவிடலாகாது.

போர்த்துக்கீசியர் இதை எங்கே பெற்றார்கள்? அரபியின் ‘அல்-இஃலாம்’, அதாவது ‘அறிவிப்பு’ என்ற சொல்லிலிருந்து என்பது அகராதிகள் பொதுவாகத் தரும் விளக்கம். ஐபீரிய மூவலந்தீவில் பல நூற்றாண்டு நடந்த அரபு ஆட்சி அங்கே விட்டுச்சென்ற சொற்கள் ஏராளம். ‘அல்’ என்பது அரபியில் பெயர்ச்சொல்லின் முன்னே வரும் சுட்டு. போர்த்துக்கீசியம் அதன் முதல் எழுத்தை விட்டுவிட்டு லகரத்தைச் சொல்லோடு சேர்த்துக்கொண்டது. இங்கிருந்து அந்த லகரத்தின் கதை சுவையானது. மலையாளம் அதைக் காப்பாற்றி லேலம் என்றது. குஜராத்தியில் லீலாம், மராத்தியில் லிலாவ். இந்தியில் லகரம் நகரமாகி நீலாம். கிழக்கே கப்பலேறிய சொல் மலாயில் லெலோங், இந்தோனேசியாவில் லெலாங். மலேசியத் தமிழர் கடைவீதியில் ‘லெலோங் லெலோங்’ என்று கூவினால் மலிவு விற்பனை என்று பொருள்.

தமிழ் மட்டும் லகரத்தை உதறிவிட்டது. சொல்லுக்கு முதலில் லகரம் வராது என்பது தொல்காப்பியக் காலத்து மரபு. லங்கை இலங்கையானதும் லோகம் உலோகமும் உலகமும் ஆனதும் அதனால்தான். அந்தச் சொற்களில் முன்னே ஓர் உயிரைச் சேர்த்துக்கொண்ட தமிழ், இந்தச் சொல்லில் லகரத்தையே கழற்றிவிட்டது. விளைவைப் பாருங்கள். அரபியின் சுட்டு போர்த்துக்கீசியத்தில் ஒட்டி, கொச்சியிலும் மலாக்காவிலும் ஒட்டியபடியே இருக்க, தமிழில் வந்து உதிர்ந்துவிட்டது. ‘இஃலாம்’, ‘ஏலம்’ இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்த்தால் தெரியும். அரபி மூலத்தை ஒருவரும் அறியாமலேயே, அதன் சுட்டில்லாத வடிவத்துக்குப் பக்கத்தில் தமிழ் போய் நின்றுவிட்டது. ஐரோப்பாவிலும் இப்படி நடந்திருக்கிறது. நீலக்கல்லைக் குறித்த பாரசீகச் சொல் ‘லாஜவர்த்’ பிரெஞ்சில் ‘அஸூர்’ ஆனது. முதல் லகரத்தைத் தங்கள் மொழியின் சுட்டு என்று நினைத்து அங்கே வெட்டினார்கள். நம்மிடம் சுட்டு என்ற எண்ணமே இல்லை, நாவின் பழக்கம் வெட்டியது.

அரபியில் ‘இஃலாம்’ என்ற சொல்லின் வேர் ஐன், லாம், மீம் என்ற மூன்றெழுத்து. அறிவைக் குறிக்கும் ‘இல்ம்’, மார்க்க அறிஞரைக் குறிக்கும் ‘ஆலிம்’ ஆகியவையும் இதே வேரில் முளைத்தவை. கடையநல்லூரிலும் தென்காசியிலும் நாள்தோறும் வழங்கும் ஆலிம் என்ற சொல்லும், அதே ஊர்ச் சந்தையில் வழங்கும் ஏலமும் ஒரு வேரின் இரு கிளைகள். ஒன்று சமய வழியாக நேரே வந்தது. மற்றது லிஸ்பனைச் சுற்றி வந்தது.

‘ஏல்’ என்ற தமிழ் வினையிலிருந்தே ஏலம் பிறந்தது என்று சிலர் சொல்வதுண்டு. விலையை ஏற்றுவதால் ஏலம் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நிற்காது. ஏற்றுவது ‘ஏறு’ என்ற வினையின் பிள்ளை, ‘ஏல்’ என்பதற்கு ஏற்றுக்கொள்ளுதல், பொருந்துதல், இயலுதல் என்றே பொருள். அதைவிட முக்கியமானது, போர்த்துக்கீசியர் கால்வைத்த கரைகளில் எல்லாம் இதே பொருளில் லகரத்தோடு ஒரு சொல் இருக்கும்போது, தமிழ்ச் சொல்லை மட்டும் தனியே பிரித்து வேறு தாய்க்குக் கொடுக்க முடியாது.

சொல் வந்த பிறகுதான் வழக்கமும் வந்தது என்று எண்ணிவிடக் கூடாது. சோழர் கல்வெட்டுகளில் ‘பெருவிலை’ வருகிறது. வரி கட்டாத நிலத்தையும் கோயில் நிலத்தையும் ஊரறியப் பொதுவில் விற்கும் முறை அது. இராசராசப் பெருவிலை, சண்டேசுவரப் பெருவிலை என்று அதற்கு அடைமொழிகளும் உண்டு. கோயில் சொத்து சண்டேசுவரர் பெயரில் கைமாறியதால் இரண்டாவது பெயர். பெருவிலை அழகான சொல். அது வழக்கிழந்ததில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் துறைமுகத்தில் பணம் புழங்கிய சொல் உள்நாட்டுச் சொல்லைத் தள்ளிவிடுவது எந்த மொழியிலும் நடப்பதுதான்.

ஐரோப்பாவைப் பாருங்கள். ஒரே செயலுக்கு ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு வீட்டிலிருந்து பெயர் எடுத்திருக்கிறது. இலத்தீனில் ‘கூட்டுதல்’ என்ற வினையிலிருந்து பிறந்த ‘ஆக்டியோ’ ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் போனது. ஸ்பானியத்தின் ‘சுபாஸ்தா’வும் இத்தாலியின் ‘அஸ்தா’வும் ஈட்டியிலிருந்து வந்தவை. போரில் பிடித்த பொருளை ரோமானியர் நிலத்தில் ஊன்றிய ஈட்டியின் கீழ் விற்றார்கள். ஸ்பானியத்தில் ‘அல்மொனேதா’ என்று இன்னொரு சொல்லும் உண்டு. அதுவும் அரபியே, ஆனால் ‘கூவி அழைத்தல்’ என்னும் வேறு சொல்லிலிருந்து. பிரெஞ்சின் ‘ஆன்ஷேர்’ விலையைக் கூட்டுவதைச் சொல்கிறது. அறிவிப்பு என்ற அரபிச் சொல்லை வைத்துக்கொண்டது போர்த்துக்கீசியம். நம் கடலுக்கு முதலில் வந்தவர்கள் அவர்கள் என்பதால், ஈட்டியும் கூவலும் இங்கே வரவில்லை, அறிவிப்பு வந்தது. ஸ்பானியர் முதலில் வந்திருந்தால் நாம் வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருப்போம்.

தமிழ் ஏலத்துக்கு நேரான இணை இத்தாலியில் இருக்கிறது. அங்கே ‘இன்காந்தோ’ என்றால் மாய மயக்கம். அதே ‘இன்காந்தோ’ என்றால் ஏலமும்கூட. ஒன்று மந்திரம் ஓதுவதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. மற்றது ‘எவ்வளவுக்கு?’ என்று பொருள்படும் ‘இன் குவாந்தும்’ என்ற தொடர் தேய்ந்து வந்தது. ஏலக் களத்தின் மயக்கத்தை நினைத்து இரண்டையும் ஒன்றாக்கத் தோன்றும், ஒன்றாக்கக் கூடாது.

இனி மற்றொரு ஏலம். இது எதிர்த்திசையில் பயணம் போன சொல். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரச் சோலைகளில் தானே வளர்ந்த செடி. தமிழிலும் மலையாளத்திலும் ஏலம், வடமொழியில் ‘ஏலா’. வடமொழிச் சொல்லே திராவிடத்திலிருந்து போனது என்று கருதும் அறிஞர்கள் உண்டு. செடி வளரும் மலை எங்கே என்று பார்த்தால் அந்தக் கருத்துக்குப் பக்கபலம் இருக்கிறது. பாரசீகத்தில் அது ‘ஹேல்’, அரபியில் ‘ஹால்’, ‘ஹேல்’. வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு வரும் நம் பிள்ளைகள் அரபியர் வீட்டுக் கஹ்வா காப்பியில் இந்த ஹேலைக் குடித்திருப்பார்கள். அது தங்கள் ஊர் ஏலம் என்று நாக்குக்குத் தெரியும், காதுக்குத் தெரியாது.

ஆக, இரண்டு ஏலமும் அரபிக்கடலைத் தாண்டியவை. காய் ஏலம் இங்கிருந்து அரபிக்குப் போனது. விற்பனை ஏலம் அரபியிலிருந்து, ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு, இங்கே வந்தது. போனதும் வந்ததும் தமிழில் ஒரே எழுத்துக்கூட்டலில் உட்கார்ந்திருக்கின்றன.

ஐரோப்பா காய்க்கு நம் பெயரை எடுக்கவில்லை. கிரேக்கர் அதைக் ‘கர்தமோமோன்’ என்றார்கள். ‘கர்தமோன்’ அவர்கள் ஊர்க் கீரை ஒன்றின் பெயர், ‘அமோமோன்’ ஒரு நறுமணச் செடியின் பெயர். தெரியாத பொருளுக்குத் தெரிந்த பெயர்களை ஒட்டவைத்தார்கள். அந்த ஒட்டு இன்றுவரை ஐரோப்பிய மொழிகளில் ஏறக்குறைய அப்படியே வழங்குகிறது. நம் சொல் வேறு வாசலில் நுழைந்தது. கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீடு 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு பகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலைத் தொகுப்பித்தார். செடிகளின் ஊர்ப்பெயர்களைச் சொல்லித் தந்தவர்களில் முதன்மையானவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். ஏலத்தை அந்த நூல் ‘எலெத்தரி’ என்று பதிந்தது. ஏலத்தின் அரி, அதாவது ஏல விதை. 1811-இல் வில்லியம் மேட்டன் அந்தப் பேரினத்துக்கு ‘எலெத்தாரியா’ என்று பெயரிட்டார். எலெத்தாரியா கார்தமோமும் என்ற அறிவியல் பெயரின் முதல் பாதி நம்முடையது, பின்பாதி கிரேக்கருடையது.

அதே நூலின் முதல் பகுதியில் அடுத்தடுத்த இரண்டு படங்கள் புளியறைக்காரர் பார்க்க வேண்டியவை. ஒன்று ‘பாலம் புள்ளி’, அதாவது வாளன்புளி, நம் புளி. அடுத்தது ‘கொத்தம் புள்ளி’, குடம்புளி. மலைக்கு மேற்கே பல வீடுகளில் மீன் கறிக்குப் ‘புளி’ போடு என்றால் கை தானாகக் குடம்புளிக்குப் போகும், நம் புளியைக் கேட்க ‘வாளன்’ என்று அடைமொழி சேர்க்க வேண்டும். கிழக்கே புளி என்றாலே ஒன்றுதான். இரண்டும் வெவ்வேறு குடும்பத்து மரங்கள். சொல் அடிப்படையில் மரத்தை அல்ல, சுவையைக் குறித்தது. எந்த மரம் அந்தச் சுவையைத் தந்ததோ அதன்மேல் பெயர் போய் உட்கார்ந்தது.

குடம்புளியின் பெயர் ஐரோப்பாவில் பட்ட பாடு பெரிது. வான் ரீடின் படத்தைப் பார்த்த தாவரவியலார் லின்னேயஸ், ஓவியர்கள் பயன்படுத்தும் மஞ்சள் பிசினைத் தரும் மரம் இதுதான் என்று எண்ணினார். அந்தப் பிசின் கம்போடியாவிலிருந்து வந்ததால் ‘கம்போகியா’ என்று பேரிட்டார். உண்மையில் பிசினைத் தருவது அதே பேரினத்தின் வேறொரு மரம். இன்றும் உடல் மெலிய விற்கும் மாத்திரைப் புட்டிகளில் ‘கார்சினியா கம்போஜியா’ என்ற பெயரோடு கேரளத்துக் குடம்புளி, தான் பார்த்திராத கம்போடியாவின் பேரைச் சுமந்துகொண்டு திரிகிறது.

நம் புளிக்கும் அதே கதி. அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்று தாவரவியலார் சொல்கிறார்கள். ஆனால் அரபு வணிகருக்கு அது இந்தியாவிலிருந்து வந்த சரக்கு. ஒட்டிப் பிசுபிசுத்த பழத்தைப் பார்த்து ‘தம்ர் ஹிந்தி’, இந்தியப் பேரீச்சை என்றார்கள். ஐரோப்பா முழுவதும் இதிலிருந்து தாமரிந்தோ, தமரேன், தாமரிண்டே என்று வழங்குகிறது. 1563-இல் கோவாவில் அச்சான தம் மருந்து நூலில் போர்த்துக்கீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா, மலபாரில் இதைப் புளி என்பார்கள் என்று எழுதினார். ஆனாலும் புளி மேற்கே போகவில்லை. பிறகு லின்னேயஸ் ‘தமரிண்டஸ் இண்டிகா’ என்று வைத்தார். பெயரின் முதற்சொல்லிலும் இந்தியா, இரண்டாம் சொல்லிலும் இந்தியா, மரமோ ஆப்பிரிக்கா. பிரெஞ்சில் இன்னொரு திருப்பமும் உண்டு. ‘தமரேன்’ என்றால் புளி. தென்னமெரிக்கச் சிறுகுரங்கு ஒன்றுக்கும் அதே பெயர். குரங்கின் பெயர் அங்குள்ள கரீப் மொழியிலிருந்து வந்தது. அரபியும் கரீபும் ஒரு பிரெஞ்சுச் சொல்லில் அறியாமல் சந்தித்திருக்கின்றன, நம் ஏலத்தைப் போல.

புளியறை என்ற ஊர்ப்பெயரிலும் இந்தப் புளி இருக்கிறது. தில்லை நடராசர் திருமேனியை ஒரு காலத்தில் இங்கே புளியமரப் பொந்தில் மறைத்து வைத்தார்கள் என்பது கோயில் தலக்கதை. பொந்தே அறையானது என்று விளக்குவார்கள். ‘அறை’ என்றால் பழந்தமிழில் பாறையும் உண்டு, மலையாள ‘அற’ நெற்களஞ்சியத்தையும் குறிக்கும். மலையடிவாரத்து வயல் நடுவே உள்ள ஊருக்கு இந்த மூன்று பொருளும் ஒட்டிவரும் என்பதால், கதையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத நான் துணியமாட்டேன்.

எல்லாச் சொல்லும் ஏலத்தைப் போல இரட்டைப் பிறப்பு அல்ல. இங்கே ‘வெள்ளம்’ என்றால் ஊரை அடித்துப்போவது, ஆரியங்காவில் குடிக்கிற தண்ணீர். இது ஒரு தாய்க்கு இரு பிள்ளை. ‘அவசரம்’ தமிழில் பரபரப்பு, மலையாளத்தில் வாய்ப்பு. வடமொழியில் ‘தக்க சமயம்’ என்பது மூலம். சமயம் கைநழுவுமே என்ற பதற்றத்தைத் தமிழ் பிடித்துக்கொண்டது, சமயத்தையே மலையாளம் வைத்துக்கொண்டது. இந்த வகைகளைக் கலந்து ஒரே பட்டியலாக அடுக்கி, ‘ஒரே சொல், வேறு பொருள்’ என்று வியப்பது ஆய்வு ஆகாது. முதலில் பிறப்பைப் பிரிக்க வேண்டும், பிறகே பொருளைப் பேச வேண்டும்.

கரிசலுக்குக் கி. ராஜநாராயணன் வட்டார வழக்குச் சொல்லகராதி தொகுத்தார். நாஞ்சில் நாட்டுக்கு அ.கா. பெருமாள் தொகுத்தார். இரண்டுக்கும் இடைப்பட்ட செங்கோட்டை, புளியறை மலையடிவாரப் பேச்சுக்கும் அப்படி ஒரு நூல் வேண்டும். திருவிதாங்கூர் நாள்களைப் பள்ளிப் பருவத்தில் கண்டவர்கள் எண்பதை ஒட்டிவிட்டார்கள். அவர்கள் வாயிலிருந்து கேட்க வேண்டியது பொருள் மட்டுமல்ல: சந்தைக்குப் போனபோது ஏலம் என்றார்களா லேலம் என்றார்களா, வீட்டில் மீனுக்கு எந்தப் புளி, அதற்கு என்ன பெயர், கிணற்றில் இறைத்தது தண்ணீரா வெள்ளமா, 1956-க்குப் பிறகு எந்தச் சொல் முதலில் மாறியது. கேள்வித்தாளோடு போகிறவர் முதலில் தேநீர்க் கடையில் உட்கார்ந்து லாரி ஓட்டுநர்களிடம் தொடங்கலாம். இரண்டு பக்கச் சொல்லும் ஒரே நாளில் அவர்கள் வாயில் வருகின்றன.